கிளேசர் ஏன் குமிழியை விட்டுப் போனார்?

எங்கட நாட்டில் ஓ.எல். பெறுபேறு வந்த கையோடு சொந்தக்காரர், அயலவர், ரியூசன் வாத்தியார், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் என எல்லாரும் ஒரு பிள்ளையிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மற்ஸா, பயோவா?" மற்ஸ் எடுத்தால் உயிரியல் புத்தகத்தை அன்றைக்கே தம்பிக்கோ தங்கச்சிக்கோ கொடுத்துவிடலாம். பயோ எடுத்தால் இணைந்த கணிதத்துக்குப் பெரிய கும்பிடு. பிறகு இசட் ஸ்கோர், வெட்டுப்புள்ளி, கம்பஸ் என்று பாதை தன்பாட்டில் போகும். பதினாறு வயசில் வாயால் சொன்ன ஒரு சொல் முப்பது வயசிலும் ஒட்டிக்கொண்டு இருக்கும். என்னை இன்னும் "அவ மற்ஸ் பிள்ளை" என்றுதான் சொல்லுகினம்.

மற்ஸ் எனக்குப் பிடித்துத்தான் எடுத்தேன், இப்பவும் பிடிக்கும். பௌதிகவியலில் விசேட பட்டம் முடித்து, இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகச் செய்முறை வகுப்புகளுக்கு நிற்கிறேன். எங்கட பாஷையில் டெமோ. கடைசி வருட ஆய்வு துணிக்கைப் பௌதிகவியலில். மேற்படிப்புக்கு இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, துணிக்கைகளைக் கண்டுபிடிக்கும் கருவிகள் செய்கிற ஒரு குழு. மற்றது, மனிதர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்கிற ஒரு ஆய்வுகூடம். கண்ணைவிட மூளை பற்றிய வேலை அது. இரண்டுக்கும் கடைசித் திகதி ஒரே மாதத்தில் வருகிறது.

இரண்டாவதைப் பற்றி வீட்டில் சொன்னபோது அம்மா, "மூளை படிக்கிறதெண்டா அப்பவே பயோ எடுத்திருக்கலாமே பிள்ளை?" என்று கேட்டா. கோபத்தில் கேட்கவில்லை. எத்தனை வருசம், எவ்வளவு ரியூசன் காசு என்று கணக்குப் பார்த்துக் கேட்ட கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்படித் துணிக்கையில் இருந்து மூளைக்குப் போன ஆள் யாராவது இருக்கிறாரா என்று அன்றிரவு தேடத் தொடங்கினேன். அப்படிக் கிடைத்தவர்தான் டொனால்ட் கிளேசர்.

பௌதிகவியல் படித்த ஆக்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். குமிழி அறையைக் கண்டுபிடித்தவர், 1960இல் நோபல் பரிசு, அப்போது வயது 34. பாடப்புத்தகம் அதோடு அவரை விட்டுவிடும். ஆனால் மனுசன் அதற்குப் பிறகும் 52 வருசம் உயிரோடு இருந்தார். அந்த 52 வருசமும் என்ன செய்தார் என்பதுதான் எனக்குத் தேவைப்பட்ட கதை.

முதலில் குமிழி. கிளேசர் 1926இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், ரஷ்யாவில் இருந்து குடிபெயர்ந்து வந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளவயதில் வயோலா வாசித்தார், ஊர் இசைக்குழுவில் இடம்பிடிக்கும் அளவுக்கு. கலாநிதிப் பட்டத்துக்கு கல்ரெக்கில் கார்ல் அன்டர்சனிடம் போனார். பொசித்திரனை 1932இல் முகில் அறைக்குள் கண்டுபிடித்தவர் அந்த அன்டர்சன். முகில் அறை என்பது ஆவி நிறைந்த ஒரு பெட்டி. அதற்குள்ளால் ஏற்றமுள்ள துணிக்கை ஒன்று போனால், போன வழி நெடுக நுண்ணிய துளிகள் படியும். ஆகாயத்தில் விமானம் விட்டுப்போகும் வெள்ளைக்கோடு மாதிரி. துணிக்கையை ஒருவரும் காணவில்லை, அது போன தடத்தைத்தான் காண்கிறோம்.

முகில் அறையின் பிரச்சினை, உள்ளே இருப்பது வாயு. வாயு ஐதானது. வேகமான துணிக்கை ஒன்றோடும் மோதாமல் மற்றப் பக்கத்தால் போய்விடும். அடர்த்தியான ஏதாவது வேண்டும். 1949இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு இளம் ஆசிரியராகப் போன கிளேசர் அதைத்தான் யோசித்துக்கொண்டு இருந்தார். பல வழிகளை முயன்றுவிட்டுக் கடைசியில் கொதிக்கும் திரவத்துக்கு வந்தார்.

கொதிக்கும் திரவம் என்றும் சொல்ல முடியாது. கொதிக்க வேண்டிய வெப்பநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் எங்களை ஏமாற்றிக்கொண்டு இருக்கும் திரவம். சுத்தமான கண்ணாடிக் குழாய்க்குள் அமுக்கத்தில் சூடாக்கிவிட்டு, சட்டென்று அமுக்கத்தைக் குறைத்தால் திரவம் அந்த நிலைக்கு வரும். அப்போது சின்னத் தூண்டல் ஒன்று போதும். துணிக்கை ஒன்று உள்ளே கீறிக்கொண்டு போனால், அதன் வழியெங்கும் குமிழிகள் எழும். குமிழி பெரிதாகி எல்லாம் கலங்குவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த இடம், அவர் நூலகத்தில் கண்டெடுத்த ஒரு பழைய கட்டுரை. 1924இல் மூன்று இரசாயனவியலாளர்கள் ஈதரை இப்படிச் சூடாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஈதர் சாதாரணமாக ஏறத்தாழ 35 பாகையில் கொதிக்கும். அவர்கள் 140 பாகை வரை கொண்டுபோய்விட்டு, எப்போது பொங்கும் என்று காத்திருந்தார்கள். ஒருதரம் உடனே பொங்கும், இன்னொருதரம் நெடுநேரம் சும்மா இருக்கும். ஒழுங்கே இல்லை. மனுசர் சலிக்காமல் தொடர்ந்து 30 தரம் நேரத்தைக் குறித்து, அதை அப்படியே பிரசுரித்துவிட்டார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியவில்லை.

கிளேசர் கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த 30 எண்களை எடுத்துப் பார்த்தார். அவை புவாசோன் பரம்பலுக்குப் பொருந்தின. அதாவது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்வுகள் தற்செயலாக நடக்கும்போது வருகிற அதே வடிவம். சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 60 செக்கன். அந்த அளவுள்ள குழாயை அண்டக்கதிர்களும் சுற்றுப்புறக் கதிர்வீச்சும் எவ்வளவு அடிக்கடி தாக்கும் என்று கணக்குப் போட்டால் அதுவும் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. அந்த மூன்று பேரும் தங்களுக்குத் தெரியாமலே அண்டக்கதிர்களை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! பிறகு கிளேசர் தானே ஈதரைச் சூடாக்கி, பக்கத்தில் கதிர்வீசும் கோபால்ட் துண்டைக் கொண்டுபோனார். ஈதர் உடனே பொங்கியது. 1952இல் ஒரு பெருவிரல் அளவுக் கண்ணாடிக் குமிழுக்குள் முதல் தடங்களைப் படம் பிடித்தார்.

பியர் கிளாஸில் குமிழி எழும்புவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உலாவுகிறது. அப்படி இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆரம்ப முயற்சிகளில் பியரையும் ஊற்றிப் பார்த்ததாக ஒத்துக்கொண்டார். எங்கட ஆய்வுகூடத்தில் இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்துச் சிரித்தேன்.

இனித்தான் கதை திரும்புகிறது. கிளேசருக்குப் பெரிய கூட்டத்தில் வேலை செய்யப் பிடிக்காது. அந்தக் காலத்தில் துணிக்கைப் பௌதிகவியல் பெரிய ஆர்முடுக்கிகளுக்கு நகர்ந்துகொண்டு இருந்தது. பெரிய இயந்திரம் என்றால் பெரிய குழு, அட்டவணை, கூட்டம். அண்டக்கதிர் அப்படியில்லை, காசில்லாமல் வானத்தில் இருந்து வரும். நல்ல கருவி ஒன்று இருந்தால் மலைப்பக்கம் போய் ஒருசில பேரோடு அமைதியாக வேலை செய்யலாம் என்பது அவரது விருப்பம். குமிழி அறையை அதற்காகத்தான் யோசித்தார். ஆனால் அது அண்டக்கதிருக்குச் சரிவரவில்லை. துணிக்கை வருவதற்கு முன்னமே அமுக்கத்தைக் குறைத்து வைக்க வேண்டும். அண்டக்கதிர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆர்முடுக்கி என்றால் இத்தனையாவது கணத்தில் கற்றை வரும் என்று நேரம் வைத்துச் சொல்லலாம். எந்தப் பெரிய இயந்திரத்தில் இருந்து ஒதுங்க அந்தக் கருவியைச் செய்தாரோ, அதற்கே அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்திவிட்டது.

1953இல் வொஷிங்டனில் நடந்த ஒரு மாநாட்டில் கிளேசர் இதைப் பற்றிப் பேச வந்திருந்தார். அங்கே மதியச் சாப்பாட்டு மேசையில் அவரிடம் இருந்தே விசயத்தைக் கேட்டறிந்தார் பேர்க்லியைச் சேர்ந்த லூயிஸ் அல்வாரஸ். ஈதருக்குப் பதில் திரவ ஐதரசன் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். ஐதரசன் கரு என்பது வெறும் ஒரு புரோத்தன், மோதல்களை விளங்கிக்கொள்வது இலேசு. ஆனால் திரவ ஐதரசன் பூச்சியத்துக்குக் கீழே 250 பாகை அளவில்தான் இருக்கும், கொஞ்சம் பிசகினால் வெடிக்கும். அல்வாரஸ் குழு படிப்படியாகப் பெருப்பித்து 1959இல் 72 அங்குல அறை ஒன்றை ஓடவிட்டது. கிளேசரின் பெருவிரல் அளவுக் குமிழ் ஏழு வருசத்தில் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

அந்தப் படங்களை யார் பார்த்தது தெரியுமா? ஒவ்வொரு சோதனையிலும் இலட்சக்கணக்கில் படம். 1964இல் புறூக்ஹேவனில் ஒமேகா மைனஸ் துணிக்கையைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ ஒரு இலட்சம் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படமும் ஒரு மேசையில் பெரிதாக விழும். முன்னுக்கு ஒருவர் இருந்து எந்தக் கோடு எங்கே வளைகிறது, எங்கே பிரிகிறது என்று கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள். பௌதிகவியல் பட்டம் தேவையில்லை, நல்ல கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும் என்றுதான் எடுத்தார்கள். மணித்தியாலக் கணக்கில் இருட்டறைக்குள் கோடு பார்த்த அந்தப் பெண்களில் அநேகம் பேரின் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளின் முகப்பில் இல்லை. இதை வாசித்தபோது எனக்கு வந்த எரிச்சலைத் தனியாக ஒரு கட்டுரையாக எழுத வேண்டும்.

கண்ணால் பார்த்துக் கட்டாது என்று இயந்திரத்துக்குக் கோடு பார்க்கப் பழக்கவும் முயன்றார்கள். போல் ஹஃப் என்ற பௌதிகவியலாளர் குமிழி அறைப் படங்களில் நேர்கோடுகளைக் கண்டுபிடிக்க ஒரு கணித வழியை உருவாக்கி, 1962இல் காப்புரிமை பெற்றார். ஹஃப் உருமாற்றம் என்ற பெயரில் அது இன்றைக்கும் கணினிப் பார்வை படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பப் பாடம். வீதியில் கோட்டைக் கண்டுபிடிக்கிற ப்ரோகிராம் எழுதிப் பார்த்தவர்கள் அநேகமாக அதைப் பாவித்திருப்பீர்கள். துணிக்கையைத் தேடப் போன இடத்தில் "பார்ப்பது என்றால் என்ன" என்ற கேள்வி அப்போதே எழும்பிவிட்டது என்பது என் வாசிப்பு.

1959இல் கிளேசரும் பேர்க்லிக்கு வந்துவிட்டார். அடுத்த வருசம் நோபல், அதுவும் தனியாக. அந்த நேரத்தில் அவர் செய்திருக்கக்கூடியது எங்கள் எல்லாருக்கும் தெரியும்: பெரிய குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி, இன்னும் பெரிய அறை கட்டி, பென்சன் வரைக்கும் அந்தப் பெயரிலேயே இருக்கலாம். அவர் கட்டிய பாதையில் மற்றவர்கள் கனதூரம் போனார்கள். ஐரோப்பாவில் சேர்ன் நிலையத்தின் கார்காமெல் என்ற பெரிய குமிழி அறையில் 1973இல் நடுநிலை மின்னோட்டங்கள் என்ற முக்கியமான கண்டுபிடிப்பு வந்தது. அல்வாரஸ் 1968இலேயே தன் நோபலை வாங்கிவிட்டார். கிளேசர் அதிலெல்லாம் இல்லை. நோபல் கிடைத்த கையோடு கோபன்ஹேகனுக்குப் போய், ஓலே மாலோ என்பவரின் ஆய்வுகூடத்தில் நுண்ணுயிரியல் பழகினார். நோபல் வாங்கின மனுசன் பற்றீரியா வளர்க்கப் பழகுகிறார்!

பழகிவிட்டு என்ன செய்தார் என்று பார்த்தால் கைப்பழக்கம் அப்படியே இருக்கிறது. பற்றீரியாக் குடித்தொகுதிகளை ஆயிரக்கணக்கில் வளர்த்து, அவற்றைத் தானாகப் படமெடுத்து, கணினியால் இனங்காணும் இயந்திரங்களைக் கட்டினார். புற ஊதாக் கதிர் கலங்களை எப்படிப் பாதிக்கிறது என்றும் ஆராய்ந்தார். 1971இல் நண்பர்களோடு சேர்ந்து சீற்றஸ் என்ற உயிர்த்தொழினுட்பக் கம்பனியைத் தொடங்கினார், அந்தத் துறையின் ஆரம்பகாலக் கம்பனிகளில் ஒன்று. 1983இல் அந்தக் கம்பனியில் வேலை செய்துகொண்டு இருந்த கரி முல்லிஸ்தான் பிசிஆர் முறையைக் கண்டுபிடித்தவர். கொரோனாக் காலத்தில் எங்கட ஊர்க் கடைவாசல் வரைக்கும் வந்த சொல் அல்லவா? "பிசிஆர் எடுத்தாச்சோ?" என்று அப்பம்மாமார்கூடக் கேட்டார்கள். கிளேசர் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்க நான் வரவில்லை. அது நடந்த கூரையை எழுப்பியவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

பிறகு மூலக்கூற்று உயிரியலும் மெல்ல மெல்ல உயிர் இரசாயனமாக மாறத் தொடங்கியது. அவர் இரண்டாவது தரமும் எழும்பினார். படங்களில் தடங்களையும் குடித்தொகுதிகளையும் இனங்காண இயந்திரத்துக்குப் பழக்கிய அனுபவம் அவரை மனிதப் பார்வைக்குக் கொண்டுபோய் விட்டது. இயந்திரத்துக்கு இவ்வளவு பாடுபட்டுப் பழக்கினாலும் தடுமாறும் வேலையை ஒரு சின்னப்பிள்ளையின் மூளை எப்படி இலேசாகச் செய்கிறது? 1989இல் பேர்க்லியில் அவரது பதவியின் பெயர் பௌதிகவியல், நரம்புயிரியல் இரண்டுக்கும் பேராசிரியர் என்று ஆனது.

அவர் குழு வெளியிட்ட பார்வைக் கட்டுரைகளைத் தேடி வாசித்தேன். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு திரை, சில கோடுகள், முன்னால் ஒரு மனிதர், "எது கிட்ட இருக்கு, எது தூர இருக்கு?" என்ற மாதிரிக் கேள்வி. ஒரு கோட்டின் ஆழத்தை நாங்கள் மதிப்பிடும்போது, தள்ளி நிற்கும் வேறொரு பொருள் அந்த மதிப்பீட்டை எப்படி இழுக்கிறது என்று ஒரு ஆய்வு. கண்ணின் கலங்களின் அளவையும் மிஞ்சிய நுணுக்கத்தை மனிதர் எப்படிப் பார்க்கிறார்கள், பழகப் பழக அது எப்படிக் கூடுகிறது என்று இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்தது அசைவைப் பற்றிய ஒரு மாதிரியுரு. மூளையில் பார்வைக்குரிய பகுதியை, தூண்டினால் அலை எழும்பும் ஒரு மென்சவ்வாக வைத்துக் கணித்தார்கள். அசையும் பொருளின் பிம்பம் அதற்கு மேலால் போகும்போது, படகுக்கு முன்னால் தண்ணீர் கிழிபட்டு விரியும் அலை மாதிரி ஒன்று எழும். அந்த அலையில் இருந்து வேகத்தையும் திசையையும் எடுக்கலாம் என்பது யோசனை.

வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒரு ஊடகம், அதற்குள்ளால் ஏதோ ஒன்று போகிறது, போனதன் அடையாளம் எஞ்சுகிறது, அதைவைத்துப் போனது என்னவென்று சொல்ல வேண்டும். 1952இல் ஈதருக்குள் பார்த்ததும் இதுதானே? அவர் எங்கேயும் இப்படிச் சொன்னாரோ தெரியாது, இது எனக்குப் பட்டது.

இந்த இடத்தில் என் காரணத்தையும் சொல்ல வேண்டும். மூன்று வருசத்துக்கு முதல் அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பிவிட்டா, கதைத்தா, எங்களை அடையாளம் கண்டா. ஆனால் சோற்றுக் கோப்பையில் வலப்பக்கத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "கறி போடேல்லையோ?" என்று கேட்பா. கறி இடப்பக்கத்தில் அப்படியே இருக்கும். நாங்கள் கோப்பையைத் திருப்பி வைத்தால், "இப்பதானே போட்டனீ" என்று சாப்பிடுவா. இடப்பக்கக் கதிரையில் நான் இருந்தால் என்னைக் கவனிக்கமாட்டா. எழும்பி வலப்பக்கம் போனால், "எப்ப வந்தனீ பிள்ளை?" கண் டொக்டரிடம் காட்டினோம். கண்ணில் ஒரு பிழையும் இல்லை. மூளையின் வலது பக்கத்தில் ஏற்பட்ட அடைப்பால் இடது உலகத்தையே கவனம் விட்டுவிடுகிறது என்று பிறகு ஒரு டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒளி கண்ணுக்குள் போகிறது, தடம் பதிகிறது, ஆனால் அம்மம்மாவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்படியென்றால் நாங்கள் "பார்க்கிறோம்" என்று சொல்வது எதை? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடைசி வருட ஆய்வுக்காகத் துணிக்கைத் தடங்களைக் கணினியில் பிரித்துக்கொண்டு இருந்த நாட்களிலும் அதுதான் மண்டைக்குள் ஓடியது. அம்மம்மா போன வருசம் காலமாகிவிட்டா.

எனக்குப் படிப்பித்த சேர் ஒருவரிடம் கிளேசரின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவர் நோபலை வச்சுக்கொண்டு பாய்ஞ்சார். நீ எதை வச்சுக்கொண்டு பாயப்போறாய்?" பகிடியாகச் சொன்னாலும் நியாயமான கேள்வி. பேர்க்லியில் நிரந்தரப் பதவி, உலகப் பெயர், எந்த ஆய்வுகூடத்தின் கதவைத் தட்டினாலும் திறக்கும். அவர் விழுந்திருந்தாலும் கீழே மெத்தை இருந்தது. எனக்கு மாதம் மாதம் புதுப்பிக்கிற ஒரு ஒப்பந்தக் கடிதம் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கிளேசரின் பார்வை ஆய்வுகள் குமிழி அறை மாதிரி உலகத்தைப் புரட்டிப் போடவில்லை. அவர் பெயரோடு இன்றைக்கும் வருவது குமிழிதான். "துறை மாறுங்கோ, உச்சத்துக்குப் போவீர்கள்" என்று சொல்கிற ஊக்கப் பேச்சுக்கு இவர் நல்ல உதாரணம் இல்லை. கடைசி 25 வருசமும் அவர் செய்தது, தனக்கு விளங்காத ஒன்றைச் சிறிய குழுவோடு, சிறிய திரைக்கு முன்னால் இருந்து ஆராய்ந்ததுதான். 2013 பெப்ரவரியில், 86 வயதில், பேர்க்லியில் இறந்தார்.

ஆனாலும் சேரின் கேள்விக்கு என்னிடம் அரைப் பதில் ஒன்று இருக்கிறது. நோபல் இல்லாத கிளேசரும் ஒருவர் இருந்தார். மிச்சிகனில் இருபத்தைந்து, இருபத்தாறு வயசில், பெரிய இயந்திரங்கள் பக்கம் எல்லாரும் போகும்போது ஈதர்க் குழாயோடு தனியாக நின்றவர். அந்தப் பாய்ச்சலுக்குக் கீழே மெத்தை இல்லை. பிறகு செய்ததெல்லாம் அதே குணத்தின் தொடர்ச்சியாகத்தான் எனக்குத் தெரிகிறது. சேர் இதற்கு, "அதுவும் சரிதான், ஆனா அவர் அமெரிக்காவில நிண்டவர்" என்றார். அதுவும் சரிதான்.

துறையை விடாமலே பாலம் போட்ட ஆளும் இருக்கிறார். கலிபோர்னியாவின் சாந்தா குறூஸில் அலன் லிற்கே என்ற துணிக்கைப் பௌதிகவியலாளர். ஆர்முடுக்கிகளில் துணிக்கை போன இடத்தை மயிரிழையிலும் நுணுக்கமாகச் சொல்லும் சிலிக்கன் உணரிகளில் வேலை செய்தவர். அதே தொழினுட்ப அனுபவத்தைக் கொண்டு 512 மின்வாய்கள் உள்ள ஒரு தளத்தைத் தன் குழுவோடு செய்தார். அதன் மேல் உயிருள்ள விழித்திரைத் துண்டை வைத்து, படம் காட்டினால், மூளைக்குச் செய்தி அனுப்பும் நூற்றுக்கணக்கான நரம்புக்கலங்கள் ஒரே நேரத்தில் என்ன சொல்கின்றன என்று கேட்கலாம். எந்தச் சைகை எந்தக் கலத்தில் இருந்து வந்தது என்று பிரிப்பது, எந்தத் தடம் எந்தத் துணிக்கையுடையது என்று பிரிப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட சகோதரம். அம்மாவிடம் லிற்கேயின் கதையைச் சொன்னபோது முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப படிச்சது வீணாப் போகாது எண்டுறாய்." ஓம், அப்படித்தான் சொல்கிறேன்.

பார்வை ஆய்வுகூடத்துக்கான விண்ணப்பத்தைத்தான் முதலில் அனுப்பப் போகிறேன். மற்றதையும் அனுப்புவேன், நான் ஒன்றும் வீரி இல்லை. விண்ணப்பத்தில், ஏன் பௌதிகவியலில் இருந்து வருகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதக் கேட்கிறார்கள். கிளேசரின் பெயரை அதில் எழுதவில்லை. அம்மம்மாவின் கோப்பையை எழுதினேன், பிறகு நான் இப்போது செய்துகொண்டிருக்கும் ஒரு சின்னச் சோதனையையும்.

அது இப்படி. நிலைக்குத்தாக ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு. இரண்டும் நேர்க்கு நேரா, அல்லது மேல்கோடு வலப்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ விலகி நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்செக்கன். விழித்திரையின் நடுவில் கூம்புக்கலங்கள் ஏறத்தாழ 30 வில்செக்கன் இடைவெளியில் இருக்கின்றன. ஆனால் பழகிய மனிதர் 5 வில்செக்கன் விலகலையும் கண்டுபிடிப்பார்கள். கமராவின் புள்ளியைவிட நுணுக்கமாகக் கமரா பார்ப்பது மாதிரி. கிளேசர் குழு ஆராய்ந்த விசயங்களில் ஒன்று இது.

எங்கட செய்முறைக் கூடத்தில் கைவிட்ட பழைய திரை ஒன்று கிடந்தது. ஒரு புள்ளியின் அகலம் 0.28 மில்லிமீற்றர் அளவு. 5 மீற்றர் தூரத்தில் நின்று பார்த்தால் ஒரு புள்ளி விலகல் என்பது ஏறத்தாழ 12 வில்செக்கன்தான், ஒரு கூம்புக்கலத்தின் இடைவெளியில் பாதிகூட இல்லை. கூடத்துக்குள் 5 மீற்றர் கிடைக்கவில்லை, ஆகவே திரையைக் கதவடியில் வைத்துக் கொரிடோரில் கதிரை போட்டிருக்கிறேன். நாடா வைத்து அளந்து நிலத்தில் சோக்கால் கோடு கீறியாகிவிட்டது. இதுவரைக்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகள் நாலு பேரும், ஆய்வுகூட உதவியாளர் அண்ணையும் வந்து இருந்து பார்த்தார்கள். எல்லாரும் முதலில் சொன்னது, "ஒண்டும் தெரியேல்லை மிஸ், சும்மா ஊகிக்கிறன்." ஊகித்ததை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மிக மேலே சரி. அண்ணை எல்லாரையும்விட நல்லாகச் செய்தார். இருபது வருசமாக வேர்ணியர் இடுக்கிமானி வாசித்த கண். அதனால்தானா என்று பார்க்க, வேர்ணியரைத் தொட்டே பழகாத கலைப்பீடப் பிள்ளைகள் மூன்று பேரைத் திங்கட்கிழமை பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கொரிடோர் லைற்றை யாரும் அணைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.